மீதி இரண்டு தடவை

வேலூரிலிருந்து மேற்கே போகிற டவுன் பஸ் கடைசியாக மூச்சு வாங்கி நிற்கிற கல்லேரிப்பட்டில் இருநூற்றுச் சொச்சம் வீடுகள், அந்த இருநூற்றுச் சொச்சம் வீட்டிலும் ஒருத்தராவது பட்டாளத்தில் இருந்தார், அல்லது இருந்துவிட்டு வந்தார், அல்லது போவதற்காக விடியற்காலையில் ஏரிக்கரையில் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருந்தார். மற்ற ஊர்களில் பிள்ளை பிறந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு ஜாதகக்காரரிடம் போவார்கள், இங்கே அப்பன்காரன் முதலில் பிள்ளையின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, தட்டைப் பாதம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சர்க்கரை கொடுப்பான். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பட்டாளத்தில் பதினேழு வருஷம் சர்வீஸ் முடித்த நாயக் முனிரத்தினம் தன் கறுப்பு ட்ரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான். மறுநாள் காலையிலிருந்து ஊர் முகப்பில் இருக்கிற சிமெண்டு வளைவு பேச ஆரம்பித்தது.

வளைவு பேசியது என்பது ஒரு வசதிக்காகச் சொல்வதுதான். செத்துப்போன பட்டாளத்துக்காரர்கள் பதினொரு பேரின் பெயரைப் பச்சைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கும் அந்த வளைவுக்கு அடியில், நெஞ்சு உயரத்தில், ஆள் இல்லாத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. குரலோடு ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு குளிர்ந்த மூச்சும் வந்தது. முதலில் மாட்டியவர் பால்காரர் வீரராகவன். மொபெட்டில் இரண்டு கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆறு மணிக்கு அவர் உள்ளே நுழையும்போது, "தம்! கௌன் ஆத்தா ஹை?" என்று கேட்டது. இரண்டு மூச்சு விட்டு இன்னொரு தடவை அதையே கேட்டது. மொபெட் நின்றது, ஊன்றிய கால் தரையோடு ஒட்டிக்கொண்டது, ஆட்டினாலும் அசைத்தாலும் வரவில்லை.

நில், யார் வருவது என்று அர்த்தம். காவலுக்கு நிற்கிற சிப்பாய் இருட்டிலோ பனியிலோ ஓர் உருவத்தைக் கண்டால் கேட்க வேண்டியது அது. வருகிறவன் 'தோஸ்த்', அதாவது நண்பன், என்று பதில் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். கல்லேரிப்பட்டில் இது நண்டுசிண்டுகளுக்குக்கூடத் தெரியும், ஆனால் வீரராகவன் பக்கத்து ஊர்க்காரர், அவருக்குத் தெரிந்த ஒரே பதில் "பால்" என்பதுதான். அதைச் சொன்னார். "பால்காரன்பா" என்று சொன்னார். "நாலு வருஷமா ஊத்திகினு கீறேன், என்னப் போயி யாருன்றியே" என்று மனத்தாங்கலோடும் சொல்லிப் பார்த்தார். கால் வரவில்லை.

எதிர் வீட்டில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த அவில்தார் பெண்சாதி, கையில் இருந்த சாணி வாளியைக்கூட இறக்கி வைக்காமல், "தோஸ்த்துனு சொல்லுண்ணா, பால் திரிஞ்சிடப் போவுது" என்றாள். அவர் சொன்னார், கால் விட்டது, அவர் உள்ளே போய் எல்லா வீட்டுக்கும் ஊற்றிவிட்டுத் தண்ணீர் கலந்ததற்கான வழக்கமான திட்டுகளையும் வாங்கிக்கொண்டு வெளியே போனார். வெளியே போகிறவர்களை அது ஒன்றும் கேட்கவில்லை.

ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. காவல் என்று ஒன்று இருந்தால் கேள்வி கேட்கத்தானே செய்யும். ரிட்டயர்டு சுபேதார் ஏகாம்பரம், ஊரில் அவர் சொன்னால் வேப்பமரத்து இலைகூட வரிசையில்தான் விழும் என்பார்கள், தலையில் தொப்பி வைத்துக்கொண்டு வந்து வளைவை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குரல் தெளிவாக இருக்கிறது, சத்தம் போதும், ஆனால் ரூல்படி மூன்று தடவை கேட்க வேண்டியதை இரண்டு தடவைதான் கேட்கிறது, புதுப் பையன் போலிருக்கிறது, போகப்போகப் பழகிக்கொள்வான் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்தக் குரல் யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. பதினைந்தாயிரம் அடி உயரத்தில் குளிர் தொண்டையைக் கீறிவிட்ட பிறகு எல்லா ஆண்பிள்ளைகள் குரலும் ஒன்றுதான்.

முனிரத்தினத்துக்குத் தெரிந்தது. வளைவிலிருந்து மூன்றாவது வீடு அவனுடையது. கிணற்றடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அதைக் கேட்டான், நுரையை விழுங்கினான், அது தன் குரல் என்று கண்டுகொண்டான். அவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்காமல் விட்ட இரண்டு தடவை, மலையெல்லாம் இறங்கி, ரயில் ஏறி, அவனுடைய ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னாலேயே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பங்குனி போய்ச் சித்திரை வந்து வைகாசியும் போவதற்குள் ஊர் அந்தக் குரலைத் தன் வீட்டுக் கொடியில் காயப் போட்ட துணி மாதிரி ஆக்கிக்கொண்டது. டவுன் பஸ் கண்டக்டர் வளைவுக்கு இருபது அடி முன்னாலேயே விசிலடித்து, "எல்லாரும் ஒரே மூச்சுல சொல்லுங்க, அப்பதான் வண்டி நகரும்" என்பார். ஐம்பது பேர் காய்கறிக் கூடையும் மருந்துச் சீட்டும் தூக்கக் கலக்கமுமாகத் 'தோஸ்த்' என்பார்கள், யாராவது ஒருத்தர் வாய்க்குள் முணுமுணுத்தால் பின் சக்கரம் மட்டும் நகராது. கைக்குழந்தைக்குத் தாய் சொன்னால் போதும். ஆடுகள் 'மே' என்றதை அது ஏற்றுக்கொண்டது, எருமைகளிடம் கொஞ்சம் கறாராக இருந்தது. தென்னை மரம் யாருடையது என்கிற தகராறில் பதினொரு வருஷமாக முகம் பார்க்காத ஓர்ப்படிகள் இரண்டு பேர் ஒரே ஷேர் ஆட்டோவில் வர நேர்ந்து, ஒருத்தி கிழக்கே பார்த்தும் ஒருத்தி மேற்கே பார்த்தும் நண்பன் என்று சொல்லி உள்ளே வந்தார்கள், அந்த வாரமே ஒரு வீட்டுக் கருவாட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக்குப் போனது. ஓட்டுக் கேட்க வந்தவர் ஜீப்பில் நின்றபடியே தன் சாதனைகளை முக்கால் மணி நேரம் எடுத்துச் சொல்லியும் ஜீப் நகராமல், கடைசியில் டிரைவர் காதோடு சொன்ன பிறகு அந்த ஒரு சொல்லைச் சொல்லி உள்ளே வந்தார், அதற்குப் பிறகு சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

ஆனி மாதத்தில் ஒரு கல்யாணம். காஞ்சிபுரத்திலிருந்து மேளதாளத்தோடு வந்த மாப்பிள்ளை வீட்டாரை வளைவு நிறுத்தி யார் என்று கேட்டதில் மாப்பிள்ளையின் தாய்மாமன் முறுக்கிக்கொண்டார். பெண் வீட்டார் ஓடிப்போய்ப் பன்னீர் தெளித்து, சந்தனம் பூசி, இது எங்கள் ஊர் வழக்கம் மாமா, ஒரு வார்த்தைதான், கல்கண்டு எடுத்துக்கொண்டு சொல்லுங்கள் என்று சமாளித்தார்கள். அன்றிலிருந்து அது நிஜமாகவே ஊர் வழக்கம் ஆகிவிட்டது, கல்யாணப் பத்திரிகையில் 'வளைவு வரவேற்பு காலை 6.30' என்று அச்சடித்தார்கள். ஆடியில் ஏரிக்கரை போய்த் திரும்பிய அம்மனையும் அது விடவில்லை. பல்லக்குத் தூக்கிகள் கால் ஒட்டி நிற்க, அம்மன் பதில் சொல்வதா, கேட்டது தப்பா என்று பூசாரிக்கும் சுபேதாருக்கும் வாக்குவாதம் வந்தது. ஜெனரலே வந்தாலும் பதில் சொல்லாமல் உள்ளே விடுகிறவன் சிப்பாயே இல்லை என்றார் சுபேதார். கடைசியில் பூசாரி திரையை இழுத்துவிட்டு, அம்மன் சார்பில் மெதுவாகச் சொன்னார்.

இத்தனை பேரும் சொன்ன அந்தச் சொல்லை முனிரத்தினத்தால் சொல்ல முடியவில்லை. வந்த வாரத்தில் ஒரு தடவை வெளியே போய்விட்டுத் திரும்பியபோது வளைவடியில் நின்றான். குரல் கேட்டது, அவன் வாயைத் திறந்தான், உள்ளேயிருந்து காற்றுதான் வந்தது. முக்கால் மணி நேரம் அப்படியே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கையால் தவழ்ந்து பின்னால் வந்த பிறகுதான் விடுபட்டான். அதற்குப் பிறகு வளைவுப் பக்கமே போவதில்லை. எங்கேயாவது போய் வர வேண்டுமென்றால் ஏரிக்கரையேறி, கேழ்வரகுக் கொல்லைகளைச் சுற்றி, முள்வேலியைத் தூக்கிக் குனிந்து, தன் வீட்டுப் புழக்கடை வழியாக வருவான். கேட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். டவுனில் ஒரு காலேஜ் வாசலில் காவல் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவன் அந்த லெட்டரைப் பிரித்த கையோடு அடுப்பில் போட்டான்.

வளைவில் கடைசியாக எழுதியிருந்த பெயர் சிட்டிபாபு. முனிரத்தினமும் அவனும் ஒரே வருஷம் ஒரே ஆள்சேர்ப்பில் ஓடி, ஒரே ரயிலில் போய், கடைசியில் ஒரே பனிமலைக் காவல்சாவடியில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை போட்டவர்கள். எதிரியின் துப்பாக்கிச் சூட்டில் வீரமரணம் என்று காகிதம் வந்தது, கொடி போர்த்திய பெட்டி வந்தது, பெட்டியோடு லீவில் முனிரத்தினம் வந்தான். சிட்டிபாபுவின் பெண்சாதி அம்சவேணி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கடைசியா இன்னா சொன்னாருண்ணா?"

"அம்சாவ பாத்துக்கோ, பாப்பாவ நல்லா படிக்க வைன்னான்மா," என்றான் அவன். ரயிலில் மூன்று நாள் யோசித்து வைத்திருந்த பொய் அது.

அவள் அந்த வார்த்தைகளை இடுப்பில் முடிந்துகொண்டு எழுந்து நின்றாள். பஸ் ஸ்டாண்டு ஓரமாக மாவு மெஷின் போட்டாள், தலைமுடியெல்லாம் மாவில் வெள்ளையாக, காது மந்தமாகிற வரைக்கும் அரைத்தாள், பாப்பா நிவேதா சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூட மேடையேறி அப்பாவின் கடைசி வார்த்தைகளை மைக்கில் ஒப்பித்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முனிரத்தினத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் எப்படிச் சொன்னார், இன்னொரு தடவை சொல்லுங்கண்ணா என்பாள். அவன் சொல்லுவான்.

மாவு மெஷினில் வரிசையில் நிற்கிறவர்கள் ஊர்க்கதை பேசாமல் வேறென்ன பேசுவார்கள். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் சுபேதார் வீட்டம்மாள், இத்தனை மாசமாகியும் அந்தச் சிப்பாய் இன்னும் இரண்டு தடவைதான் கேட்கிறான், மூன்றாவதை எங்கே தொலைத்தானோ என்று வீட்டுக்காரர் தினம் புலம்புகிறார் என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்சவேணியும் சிரித்துவிட்டு, சிரித்த வாயை மூடாமல் அப்படியே நின்றாள். மெஷின் வாயில் போட்ட கோதுமை ஓடி முடிந்து, கல் வெறுங்கல்லாக உரசும் வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, முனிரத்தினம் கேழ்வரகு டின்னோடு வந்தான்.

"ண்ணா, காவல்ல நிக்கறவங்க எத்தினி தடவ கேக்கணும்?"

"மூணு."

"வளைவு ரெண்டுதான் கேக்குது."

"ஆமாம்மா."

"ஒண்ணு வேற எங்கியோ கேட்டாச்சி. மீதி ரெண்டு இங்க கேக்குது." டின்னை வாங்கிக் கீழே வைத்தாள். "நீ வந்த மறுநாள்ல இருந்து கேக்குது. ஊரே அதுக்கடியில போவுது, அம்மன் போவுது, நீ ஒருத்தன் மட்டும் முள்ளுல பூந்து வர்ற. நான் பட்டாளத்துக்குப் போனதில்லண்ணா, மாவு அரைக்கறவ. ஆனா எண்ணத் தெரியும்."

அவன் சொன்னான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்துக்குள் சொன்னான், அவள் காது மந்தம் என்பதால் கத்திச் சொன்னான்: கீழ்ச்சாவடியில் முந்தின நாள்தான் எதிரிகள் சுட்டிருந்தார்கள், இவன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, விடிகிற நேரம், கிட்ட வந்தாலும் ஆள் யாரென்று தெரியாத பனிமூட்டம், ரோந்து போன இரண்டு பேர் எட்டு மணிக்குத்தான் வர வேண்டும், அதில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்று அவனைக் கீழே விட்டுவிட்டுச் சிட்டிபாபு மட்டும் ஆறு மணிக்கே திரும்பி வந்திருக்கிறான், அது இவனுக்குத் தெரியாது, சிட்டிபாபு தலையில் காதை மூடிய குல்லா, அதற்கு மேல் கோட்டின் தொப்பி, எதிர்க்காற்று; ஓர் உருவம் ஏறி வந்தது, இவன் ஒரு தடவை கேட்டான், உருவம் நிற்கவில்லை, இரண்டாவது தடவை கேட்பதற்கு வாயைத் திறக்கும்போது விரல் முந்திக்கொண்டது. பெரிய அதிகாரி கூப்பிட்டு, குடும்பத்துக்காகவாவது இது எதிரி சுட்டதாகவே போகட்டும் என்றார், அது அப்படியே போயிற்று.

அம்சவேணி ஸ்விட்சை அணைத்தாள். பெல்ட் சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது.

"அப்ப அவரு ஒண்ணுமே சொல்லலியா?"

"சொன்னான்."

"இன்னா சொன்னாரு?"

"கிட்ட ஓடுனேன். என்னப் பாத்தான். 'நாந்தாண்டா'ன்னான்."

அவள் குனிந்து மெஷின் வாயில் ஒட்டியிருந்த மாவை வழித்தாள். பட்டாளத்திலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் சிட்டிபாபு கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து யாரு என்று கேட்டால், பெயர் சொல்ல மாட்டான், நாந்தான் என்பான். ஊரில் எல்லா ஆண்பிள்ளைகளும் அப்படித்தான். பிறகு ஸ்விட்சைப் போட்டுக் கேழ்வரகை அரைத்தாள், சூடான மாவை டின்னில் தட்டிப் போட்டாள், "எடுத்துகினு போ" என்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. ஊர் கூடிக் காறித் துப்பும் என்று தினமும் விடியற்காலையில் குளித்து, சட்டை போட்டு, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தான். பால் வந்தது, பேப்பர் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. அவள் மன்னிக்கவும் வேண்டாம், திட்டினால்கூடப் போதும், அவளிடமிருந்து ஒரு சொல் வேண்டும் என்று ஏங்கினான். இருபத்தொரு நாள் அப்படிப் போனது.

மார்கழியில் கல்லேரிப்பட்டுக்கு மலையிலிருந்து பனி இறங்கும். அந்த வருஷம் தெருவில் போட்ட கோலமே போட்டவளுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியது. ஒரு காலை ஆறு மணிக்கு அம்சவேணி அவன் வாசலுக்கு வந்தாள். தலையையும் காதையும் சேர்த்துச் சிட்டிபாபுவின் பச்சைக் கம்பளிச் சால்வையால் சுற்றியிருந்தாள்.

"வா," என்றாள்.

வளைவுக்கு உட்பக்கம் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "அன்னிக்கு எவ்ளோ தூரம்?"

"நாப்பது அடி இருக்கும்மா."

"நான் எண்ணிகினே போறேன். அங்கேந்து வருவேன். நீ ரூல்படி கேளு. மூணும் கேக்கணும்."

அவள் வளைவைத் தாண்டி வெளியே போனாள், பத்தடியிலேயே பனி அவளை மூடிவிட்டது. வெளிப்பக்கம் வீரராகவன் மொபெட்டை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றார். உட்பக்கம் நடைக்கு வந்த சுபேதார் ஏகாம்பரமும் இன்னும் ஏழெட்டு ரிட்டயர்டு ஆட்களும் மப்ளரோடு நின்றார்கள். என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் கைகள் தாமாகவே விலாவோடு ஒட்டிக்கொண்டன.

பனிக்குள் ஓர் உருவம் அசைந்தது. வளைவு ஒன்றும் கேட்கவில்லை. பத்து மாதத்தில் முதல் தடவையாக அது வாயை மூடிக்கொண்டு நின்றது. முனிரத்தினம் வாயைத் திறந்தான்.

"தம்! கௌன் ஆத்தா ஹை?"

சுபேதார் சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். மாசியிலிருந்து தினமும் கேட்ட குரல் யாருடையது என்று அவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது, எதற்காக அது இரண்டு தடவை மட்டும் கேட்டது என்பதும் அடுத்த மூச்சில் தெரிந்தது. முப்பது வருஷம் துப்பாக்கியோடு படுத்து எழுந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருத்தரும் அசையவில்லை.

உருவம் நிற்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. வந்துகொண்டே இருந்தது. முனிரத்தினத்தின் வலது கையின் ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது. அதை அவன் இடது கையால் பிடித்துக்கொண்டான்.

"தம்! கௌன் ஆத்தா ஹை?"

இருபத்தைந்து அடி இருக்கும். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. தெரிந்த ஆள் தெரியாத ஆளாக வருவது எவ்வளவு பயமாக இருக்கும் என்று அவனுக்கு மறுபடியும் தெரிந்தது, ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து, மலையில் கேட்காமல் விட்ட கடைசித் தடவையைக் கேட்டான். குரல் பாதியில் உடைந்து அழுகையானது, ஆனாலும் முழுசாகக் கேட்டான்.

பனியிலிருந்து முதலில் சால்வையின் பச்சை வந்தது, பிறகு நடை வந்தது, பிறகு மாவு அப்பிய நெற்றியும் கண்ணும் வந்தன. இன்னும் பத்தடி இருந்தது. அம்சவேணி அந்தப் பத்தடியையும் மெதுவாக, ஒவ்வோர் அடியாக நடந்து முடித்து, அவனுக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றாள். சால்வையைக் காதிலிருந்து இறக்கினாள்.

"மூணும் கேட்டியாண்ணா?"

"கேட்டேன்மா."

"அதுக்கு அப்பாலயும் நேரம் மிச்சம் இருந்திச்சில்ல?"

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் வருகிற வரைக்கும் அங்கேயே நிற்கப் போகிறவளாக.

"இருந்திச்சிம்மா," என்றான் முனிரத்தினம்.